நான் மூடிய கான்

மகள், மகன், ரெண்டு பேரும் இதைச் சேர்ந்து வாசியுங்கள். வாயால் சொல்லலாம் என்று ரெண்டு தடவை உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு தடவை, மழை வருகிறது உடுப்பை எடுங்கள் என்றேன். மற்றத் தடவை, கணக்குப் பயிற்சி செய்தாச்சா என்றேன். சொல்ல வந்தது வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஓ.எல். வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள். விஷயத்தில் பிழை இல்லை.

விஷயம் இதுதான். உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, கண்டியில் மாநகரக் கவுன்சில் ஆபீசில் வேலை செய்தார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மகள் அதைப் பள்ளிக்கூடத்துக் கொப்பியிலும் எழுதினாய். டீச்சர் சரி போட்டிருந்தார். அவர் ஆபீசில் வேலை செய்யவில்லை. டவுனில் கான் துப்புரவு செய்தார். கானுக்குள், அந்தச் சாக்கடைத் தண்ணீருக்குள் இறங்கி, கையால் அள்ளினார். நீங்கள் பிறக்கும் முன்பே அவர் போய்விட்டதால் இந்தப் பொய்யை நான் சுலபமாகக் காப்பாற்றினேன். அது வெளியே வந்தது நம் வாஷிங் மெஷினால். மெஷினின் கதையைச் சொன்னால்தான் மற்றதும் விளங்கும்.

மெஷின் எதற்கு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் மணிக்கட்டு வீங்கி, உங்கள் வெள்ளை யூனிபோமைப் பிழிய முடியாமல் போனது. பின்பக்கத் தாழ்வாரத்தில் மெஷினை வைத்தோம். அதன் கழிவுக் குழாயைக் கொண்டுபோய், சமையலறைச் சுவர் ஓரமாக ஓடுகிற திறந்த கானில் போட்டோம். அந்தக் கான் நம் வளவைத் தாண்டி, மதிலடியால் இறங்கி, கீழ் வீட்டு நானாவின் பின்வாசல் படியைத் தொட்டுக்கொண்டு ரோட்டுக் கானுக்குப் போகும். சரிவில் வீடு கட்டினால் அப்படித்தான். மேலே இருப்பவனின் அழுக்குத் தண்ணீர் கீழே இருப்பவனின் கண்ணுக்கு முன்னால்தான் போகும்.

அதில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. தண்ணீர் போனது. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஈர்க்குமாறால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுவாள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். கானைக் கண்டால் என் மூக்குத் தானாக மூடிக்கொள்ளும். பிலிமத்தலாவை ஹார்ட்வெயார் கடையில் நாள் முழுக்க பைப்பும் எல்போவும் விற்கிறவன் நான். எந்தக் கானுக்கு எத்தனை இன்ச் குழாய் போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அதெல்லாம் கடையில் புதுசாக, வெள்ளையாக, வழவழவென்று இருக்கும்வரைக்கும்தான். பாவித்த குழாய்த் துண்டு ஒன்றை அளவு காட்டுவதற்காக யாராவது கொண்டுவந்து கவுண்டரில் வைத்தால் எனக்குக் குமட்டும். "தரையில வைங்க, தரையில வைங்க" என்பேன்.

ஒருநாள் நான் வேலைக்கு இறங்கிப் போகும்போது நானா தன் பின்படியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன தம்பி, இண்டைக்கு புது சாரமா தோச்சீங்க? காலத்தாலேயே கான் நீலமா போகுது."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். டெக்ஸ்டைல் கடை வைத்திருக்கிற மனுசர், சாயம் போகிற துணியைப் பற்றிப் பேசாமல் வேறென்ன பேசுவார்? நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறிய பிறகும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நம் வீட்டுச் சாயம், நம் வீட்டு நுரை, நம் வீட்டுத் தலைமயிர், எல்லாமே ஒரு மனுசன் பல் விளக்கும் இடத்தால் போகிறது, அவர் அதைப் பார்த்து வாசிக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், கானுக்குள் நானாவின் படி தாண்டும்வரை குழாய் போட்டு, நம் வளவுப் பக்கம் சீமெந்து பூசி மூடவேண்டும் என்று.

சரியாக மூடியிருந்தால் குற்றமில்லை. நான் மூடின விதத்தைச் சொல்கிறேன், நீங்கள் வளர்ந்து வீடு கட்டும்போது ஞாபகம் இருக்கட்டும்.

மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போது நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் தள்ளும். அதற்கு ரெண்டு இன்ச் குழாய் வேண்டும். நான் ஒன்றேகால் இன்ச் போட்டேன். பெரிய குழாய் சீமெந்துக்கு மேலே முதுகு காட்டும், பார்க்கிறவனுக்கு இதற்குள் கான் ஓடுகிறது என்று தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். அடுத்தது, மெஷினின் தண்ணீருக்குத் தனிப் பாதை வேண்டும். நான் அதைச் சமையலறை சிங்க் குழாயோடு சேர்த்துவிட்டேன். ரெண்டு குழாய் ஓடினால் ரெண்டும் தெரியும் அல்லவா? குழாய் நிற்கிற இடத்தில், அடியில் வளைவு ஒன்று வைக்கவேண்டும். அந்த வளைவுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்பதால்தான் நாற்றம் மேலே வராது. அதில் அழுக்குத் தங்குமே என்று அருவருத்து நான் வைக்கவில்லை. வைக்காததால் நாற்றம் வந்தது. நாற்றம் வந்ததால், மெஷினின் குழாயை உள்ளே ஒரு முழம் தள்ளி, வாயைச் சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சிலிக்கனும் பூசினேன். காற்றுப் போக ஓர் ஊசி இடைவெளிகூட விடவில்லை. ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை செய்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, திறக்க ஒரு வாய் வைக்காதது. குழாய் திரும்புகிற இடத்தில் சின்னக் குழி ஒன்று கட்டி, தூக்கக்கூடிய மூடி ஒன்று போடவேண்டும். கடைக்கு வருகிற எல்லாருக்கும் நானே சொல்வேன், "குழி வைங்க அண்ணே, அடைச்சா தொறந்து பாக்கலாம்" என்று. நான் குழாய் வாங்கும்போது முதலாளி கேட்டார்.

"குழிக்கு மூடி எடுக்கலயா?"

"குழி வைக்கல மொதலாளி."

"ஏன்? அடைச்சா?"

"அடைக்காது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடைக்காது என்று நான் நம்பவில்லை. அடைத்தால் திறப்பது யார்? திறக்க வாய் இருந்தால் அதற்குள் கைவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் குனிந்து நிற்பதை இந்தத் தெரு பார்க்கக்கூடாது. பார்த்தால் நான் யாருடைய மகன் என்று யாருக்காவது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது இது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது! குனிந்து நிற்கிறவனின் முதுகில் அப்பாவின் பெயரா எழுதியிருக்கும்? ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

சீமெந்து பூசின அன்று, மகன், நீ சோடா மூடியை வைத்து ஈரச் சீமெந்தில் பூப்பூவாக அமுக்கினாய். அம்மாகூட, நல்லாத்தான் இருக்கு, நடக்கவும் சுகம் என்றாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நாலு மாதம் போனது. மழைக்காலம் முடிந்து, விடிய எழும்பினால் கால் விறைக்கிற குளிர் தொடங்கியது. அம்மா பிழிகிற தேங்காய்ப்பால், சட்டி கழுவிய எண்ணெய், மெஷினிலிருந்து வருகிற சவர்க்காரத் தூள், துணிப் பஞ்சு எல்லாம் அந்த ஒன்றேகால் இன்ச் குழாய்க்குள் ஒன்றாகிக் குளிரில் உறைந்துகொண்டே வந்திருக்கிறது. வெளியே சோடா மூடிப் பூ. உள்ளே நடந்தது நமக்கு எப்படித் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பன்னிரண்டு மணி இருக்கும். அம்மா கத்தரிக்காயை வெட்டி, கறை போக, சிங்குக்குள் வைத்த பேசினில் ஊறப்போட்டிருந்தாள். நான் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கியது. சமையலறையில் கொளக், கொளக் என்று ஏதோ தொண்டை அடைத்த மாதிரிச் சத்தம்.

"இங்க வாங்க! கடவுளே, இங்க வந்து பாருங்க!" என்று அம்மா கத்தினாள்.

போய்ப் பார்த்தேன். சிங்கின் ஓட்டையிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. சும்மா தண்ணீர் அல்ல. அதில் முந்தாநாள் சோறு ஊதிப்போய் மிதந்தது. தேங்காய்ச் சக்கை. மயிர்ச் சுருள். ஊறிப்போன பஸ் டிக்கட் ஒன்று. அது பேசினுக்குள் ஏறியது. கத்தரிக்காய்த் துண்டுகள் அந்தத் தண்ணீரில் சுற்றத் தொடங்கின. பிறகு சிங்க் விளிம்பைத் தாண்டி நிலத்தில் வழிந்தது. நாற்றம் சொல்லமுடியாது. அழுகின முட்டை, புளித்த பால், அதற்கு மேலே மல்லிகைப்பூ வாசம் போட்ட சவர்க்காரத் தூள். அந்த மல்லிகைதான் எல்லாவற்றிலும் மோசம்.

"மெஷின நிப்பாட்டுங்க!"

ஓடிப்போய் நிறுத்தினேன். மேலே வருவது நின்றது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கைப் போட்டாள். "இந்தக் கத்தரிக்காய யாரு திங்கிறது" என்றாள். மகன், நீ வாசலில் நின்று, "ஐயே, சிங்க் சத்தி எடுக்குது" என்றாய். உண்மையிலேயே வாந்தி எடுக்கிற மாதிரித்தான் இருந்தது.

அந்த நேரத்திலாவது உடைத்துத் திறந்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? சிங்க் ஓட்டையைத் துணியால் இறுக்கி அடைத்து, அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன்.

"என்ன செய்யிறீங்க?" என்றாள் அம்மா.

"மேல வர வழியில்லைன்னா கீழதானே போகணும். மெஷின் தள்ளுற வேகத்துக்குப் புடுங்கிக்கிட்டுப் போகும்."

"போகாட்டி?"

"போகும்."

கையைக் கானில் வைக்காமல் காரியத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் யோசனை. மெஷினைத் திரும்பவும் போட்டேன். அது உறுமியது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழே எங்கேயோ 'டப்' என்று சத்தம். தண்ணீர் சரசரவென்று போகத் தொடங்கியது. "பாத்தியா?" என்று அம்மாவிடம் சொன்னேன். வாய் மூடுவதற்குள் கீழே இருந்து நானாவின் குரல்.

"யா அல்லாஹ்! தம்பீ! தம்பீ! மெஷின நிப்பாட்டுங்க!"

குழாய் வழிவிடவில்லை. நானாவின் பின்படிக்குப் பக்கத்தில் குழாய் திரும்புகிற எல்போ மூட்டுக் கழன்றுவிட்டது. நானா லுஹர் என்கிற பகல் தொழுகைக்கு உளு செய்து, கைகால் கழுவிக்கொண்டு, படியிலுள்ள தண்ணீர்ப் பைப்படியில் நின்றிருக்கிறார். கழுவிய காலின் மேல், வெள்ளைச் சாரத்தின் மேல், நம் வீட்டுச் சாம்பல் தண்ணீர் கொட்டியிருக்கிறது. நான் மதிலால் எட்டிப் பார்த்தபோது அவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். காலில் கொழுகொழுவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"மன்னிச்சிருங்க நானா. மன்னிச்சிருங்க."

"மன்னிக்கிறது பொறகு ஈக்கட்டும். இது என்ன தம்பி, என்ட கால்ல ஒட்டியிருக்கிற சாமான்? உசுரோட ஈக்கா?"

"தேங்காய்ப்பால் கொழுப்பு நானா."

"ஒங்கட ஊட்டு சொதிய நான் வாயால சாப்பிட்டா போதும் தம்பி, காலால வேணாம்."

அவர் உள்ளே போய்க் குளித்து, உடுப்பு மாற்றி, தொழுதுவிட்டு வந்தார். அந்த மனுசன் கோபிக்கவே இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மூக்கைத் துவாயால் பொத்திக்கொண்டு நம் வளவுக்கு ஏறி வந்து, சீமெந்துத் தரையை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க தொறக்கிறது?"

"தொறக்க வைக்கல நானா."

"கானுக்கு கபுர் கட்டி ஈக்கிறீங்களே தம்பி!"

கானுக்குக் கல்லறையா என்று அம்மா சிரித்துவிட்டாள். நானா சொன்ன அடுத்த பேச்சுத்தான் இதை எழுத வைத்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, எனக்கு உதவி செய்யத்தான் சொன்னார்.

"நீங்க கைய வைக்காதீங்க. கண்டி டவுன்ல கவுன்சில் லயன்ல ஆளுங்க ஈக்காங்க. ஒருத்தன கூட்டிட்டு வந்தா அஞ்சு நிமிசத்துல அள்ளிப் போட்டுட்டு போயிருவான். அவங்களுக்கு அருவருப்பு இல்ல தம்பி. பழக்கம்."

எனக்கு முகம் சூடானது. அப்போதுதான், மகள், நீ அம்மாவின் பின்னால் நின்று நல்ல பிள்ளையாகச் சொன்னாய்: "அப்பா, தாத்தா கவுன்சில் ஆபீஸ்லதானே இருந்தாரு? அவருக்குத் தெரிஞ்சவங்க அங்க இருப்பாங்கதானே? அவங்கக்கிட்ட சொன்னா ஆள் அனுப்புவாங்க."

நானா என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பிடியா தம்பி? சொல்லவே இல்லையே!" என்றார், மரியாதையோடு.

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். துப்புரவு ஆட்களுக்குக் கவுன்சில் வரிசையாக அறை கட்டிக் கொடுத்த லயன் அது; அதில் ஓர் அறையில் பிறந்தவன் நான். அங்கே போய், அப்பாவோடு வேலை செய்தவரின் மகன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து, நம் வீட்டு அழுக்குக்குள் அவன் கையை விடச் சொல்லி, நான் கதிரையில் உட்கார்ந்து பார்ப்பதா? அதை நினைத்தபோது, கானை நினைத்து வந்த குமட்டலைவிடப் பெரிய குமட்டல் வந்தது. இந்தத் தடவை என் மேலேயே.

சீமெந்தை உடைக்க அலவாங்கை எடுத்தேன்.

மகன், முதலில் உடைந்தது உன் சோடா மூடிப் பூதான். நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய். பாதையால் போகிற வருகிற ஆட்கள் வேலியால் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். குழாயை வாளால் அறுத்தேன். உள்ளே துளையே இல்லை. மெழுகுதிரி மாதிரி, வெளுத்த சாம்பல் நிறத்தில், குழாய் நிறைய ஒரே கட்டி. கம்பியைக் குத்தினால் குத்தின இடத்தில் ஓட்டை விழுந்ததே தவிர, அது அசையவில்லை. வேறு வழி இல்லை. சேர்ட் கையை மடித்து, விரலை உள்ளே விட்டேன்.

எப்படி இருந்தது என்று எழுதாவிட்டால் இதை எழுதிப் பலன் இல்லை. குளிராக இருந்தது. வழுவழுப்பாக, அழுத்தினால் உள்வாங்கி, நகத்துக்கடியில் ஏறியது. இழுத்தால் மயிரால் பின்னிய கயிறு மாதிரி நீண்டு வந்தது; ஓரிடத்தில் நம் வீட்டுச் சின்னக் காலுறை ஒன்றின் கால்வாசி. வெளியே வந்து வெயில் பட்டதும் அது நாறின நாற்றத்தில் மதிலடியில் போய்ச் சத்தி எடுத்தேன். திரும்பி வந்து அடுத்த முழத்துக்குக் கைவிட்டேன். அதற்கும் சத்தி எடுத்தேன். அம்மா வாளியால் தண்ணீர் ஊற்றினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

நானா தள்ளி நின்றபடி, "பரவாயில்ல தம்பி, பழகின கை மாதிரித்தான் ஈக்கு" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "ஹார்ட்வெயார்க்காரன் கைதானே நானா" என்று சொல்லிச் சிரித்தேன். கை அந்த அசிங்கத்துக்குள் இருக்கும்போதே வாயில் இன்னொரு பொய்.

அன்றைக்கு நாலு தடவை குளித்தேன். சவர்க்காரம், பிறகு சாம்பல், பிறகு சாறு பிழிந்த தேசிக்காய்த் தோல். மூக்கில் வைத்தால் முதலில் தேசிக்காய் மணக்கும். ஒரு கணம் பொறுத்தால் அதற்கு அடியில் அது இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா சோறும் பருப்பும் வைத்தாள். கையைத் தட்டுக்குக் கொண்டு போனேன். விரலையும் சோற்றையும் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கரண்டி எடுத்து வந்தேன். அடுத்த நாளும் கரண்டி. அதற்கு அடுத்த நாளும்.

"என்ன தொரை, இன்னைக்கும் கரண்டியா? கத்தி முள்ளும் கொண்டாறவா?" என்றாள் அம்மா.

"தாத்தா மாதிரி!" என்றாய் மகன்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழும்பிப் போனேன்.

ஏனென்றால் தாத்தா கரண்டியால் சாப்பிட்ட கதையை உங்களுக்குச் சொன்னதே நான்தான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கையால் சாப்பிடும்போது அவர் மட்டும் கரண்டியால் சாப்பிடுவார், ஆபீஸ்காரர் இல்லையா என்று சொல்லியிருக்கிறேன். அதில் கரண்டி மட்டும் பொய் இல்லை. உண்மையிலேயே அவரிடம் ஒரு கரண்டி இருந்தது. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் ஏறமாட்டார். பொதுப் பைப்படியில் குந்தி, சாம்பலால் தேய்ப்பார், தேசிக்காயால் தேய்ப்பார், நகத்தைப் பிளேடால் சுரண்டுவார். பிறகு வந்து உட்கார்ந்து, கரண்டியால் சோறு சாப்பிடுவார். பக்கத்து அறைக்காரர்கள், "தொரை சாப்பிடுறாரு, சத்தம் போடாதீங்க" என்று கேலி பேசுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். என் அப்பா கான் அள்ளினாலும் மனசுக்குள் தொரை என்று நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்திலும் அந்தக் கரண்டியைத்தான் சொல்லிக்கொள்வேன், வேலையைச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் அப்போது எனக்குத் தெரியும், ஆனால் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கையால் சாப்பிடுவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கையால் சாப்பிடுவார். மீன் முள்ளைக் கையால் எடுத்து, என் தட்டில் சதையைக் கையால் வைப்பார். வேலைக்குப் போகாத நாட்களில் மட்டும். தொரையாக இருந்தால் லீவு நாளில் தொரைத்தனம் எங்கே போனது?

அவருக்கும் அருவருப்பு இருந்தது, பிள்ளைகளே. எனக்கு ஒரு பகல் அந்தக் குழாய்க்குள் கை போனதற்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவருக்குத் தினமும். அது பழகவே இல்லை. நாங்கள் அதைத் தொரைத்தனம் என்று சிரித்தோம். அவரும் நாங்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு நாளாவது, 'என் கையைப் பார்த்தால் எனக்கே சோறு இறங்குதில்லை' என்று அவர் சொன்னதில்லை. அவருடைய அந்தக் கரண்டியைக் காட்டித்தான் நான் உங்களிடம் அவரை ஆபீஸ்காரர் ஆக்கினேன். இதை நினைத்தால் எனக்கு அந்தக் குழாயை நினைப்பதைவிட அருவருப்பாக இருக்கிறது.

கானைத் திரும்பவும் போட்டாயிற்று. இந்தத் தடவை ரெண்டு இன்ச் குழாய், சிங்குக்குத் தனி, மெஷினுக்குத் தனி. மெஷின் குழாயின் நுனியை ஊன்றுகோலின் வளைவு மாதிரி, இடுப்பளவு உயரத்தில் நிற்கிற குழாய் வாய்க்குள் சும்மா தொங்கவிட்டிருக்கிறேன். சுற்றிக் காற்றுப் போக இடம் இருக்கிறது. அடியில் வளைவு இருக்கிறது, அதில் தண்ணீர் நிற்கிறது, நாற்றம் மேலே வருவதில்லை. குழாய் திரும்புகிற மூலையில் குழி. குழிக்குள் பஞ்சையும் மயிரையும் பிடிக்க ஒரு கம்பி வலை. மேலே தூக்கக்கூடிய மூடி, அதில் பிடி. தெருவிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. நானா வந்து பார்த்து, "இப்பதான் தம்பி கானுக்கு உசுரு வந்தீக்கு" என்றார்.

நானாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்கு. மகள், கொப்பியில் எழுதினதை டீச்சரிடம் போய்த் திருத்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன், அது உன் இஷ்டம். ஆனால் இனி யாராவது உன்னிடம், அவங்களுக்கு அருவருப்பு இல்லை, பழக்கம் என்று சொன்னால், அது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு கோயிலுக்குப் போன பிறகு, மூடியைத் தூக்கினேன். ஒரு கிழமையாகச் சேர்ந்த அழுக்கு வலையில் பிடித்திருந்தது. தடியால் எடுக்கலாமா என்று ஒரு தரம் யோசித்தேன். கையாலேயே எடுத்தேன். குமட்டியது, ஆனால் சத்தி எடுக்கவில்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு, சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தேன். அம்மா மூடி வைத்துவிட்டுப் போன சோற்றைத் தட்டில் போட்டேன். நாற்றம் இன்னும் இருக்கிறதா என்று கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். இருந்தது.

அலுமாரியைத் திறந்து, மேல் தட்டில் கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்த அப்பாவின் கரண்டியை எடுத்தேன். ஒரு பக்க விளிம்பு தேய்ந்து சப்பையாகிவிட்டது. அதால் சாப்பிட்டேன். கழுவினேன். திரும்பக் கைலேஞ்சியில் சுற்றாமல், சமையலறைத் தகரப்பேணிக்குள், மற்றக் கரண்டிகளோடு அதையும் போட்டேன்.